ஒரு குரலுக்கு வேண்டிய இடம்

நாளைக் காலையில் என் கணவரின் குரலை எடுத்துவிடுவார்கள், குரல்வளையோடு சேர்த்து. கட்டி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. "முழுசாப் போகணும்னா வேற வழி இல்லைங்க" என்று சர்ஜன் சொன்னபோது இவர் கரகரத்த தொண்டையில், "அப்புறம் ஹார்ன் மட்டும்தான் அடிக்கணுமா டாக்டர்?" என்று கேட்டார். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சர்ஜன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, இவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

அதனால் இன்றைக்குள் அந்தக் குரலைப் பதிந்து வைத்தாக வேண்டும். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா இதைப் பொறுமையாக விளக்கியிருந்தார். ஒரு மென்பொருள் இருக்கிறது. அது காட்டும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தெளிவாக வாசிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு அது குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு இவர் எதைத் தட்டினாலும் அதை இவர் குரலிலேயே பேசும். "அச்சு அசலா இருக்காது. ஆனா வீட்டுல இருக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா இவருதான்னு தெரியும்" என்றார். கூடவே கண்டிப்பாக ஒன்று சொன்னார்: "மிச்சம் இருக்கிற குரலை வாக்கியங்களுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. வீட்டுல பேச்சே வேண்டாம். ஒருமுறை வாசிச்சு முடிக்கிற அளவுக்குத்தான் தொண்டை தாங்கும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பேசுகிறேன். வாதம் செய்ய எதிரில் ஆள் இல்லாவிட்டால் கோபம்கூட ருசிப்பதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

சிக்கல் போனில் வந்தது. உலகத்தில் எல்லோரும் கடையில் வாங்கின போனைக் கடைக்காரர் கொடுத்தபடியே வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் அப்படி இருந்துவிடுவாரா? வாங்கின மறுநாளே உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தை ஏற்றினார். "என் போன்ல எனக்குத் தெரியாம ஒரு எறும்பு நுழையக் கூடாது" என்பது கொள்கை. எறும்பு நுழையவில்லைதான். பல நாட்கள் என் அழைப்பும் நுழையவில்லை. அது சின்னக் கொள்ளளவு உள்ள போன். மெமரி கார்டு போடும் துளையையும் ஒருநாள் இவரே ஸ்க்ரூடிரைவரை விட்டு நோண்டிக் கெடுத்துவிட்டார். "பேசாம என் போன்ல பதிஞ்சிரலாமே" என்று நான் சொன்னபோது, இன்னும் பேச அனுமதி இருந்த நாட்கள் அவை, "உன் போனா? அது அந்தக் கம்பெனியோட போன். என் குரலை அவங்களுக்குத் தாரை வார்க்கச் சொல்றியா?" என்றார். கடைசியில் எங்கள் மகள்தான் எங்கெங்கோ தேடி, எந்தக் கம்பெனிக்கும் எதையும் அனுப்பாமல் லினக்ஸ் போனுக்குள்ளேயே வேலை செய்யும் ஒரு குரல் மென்பொருளைப் பிடித்து நேற்று அனுப்பி வைத்தாள். அவள் இன்று இரவுதான் வந்து சேருவாள். அதுவரை இந்த மனிதரும் அந்தப் போனும் என் பொறுப்பு.

வீட்டில் அமைதியான மூலை ஒன்றுகூட இல்லை. மேல் வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள், எதிர் வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. ஆகவே கீழே, கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்கும் பயிற்சிக் காருக்குள் போய் உட்கார்ந்தோம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் வராது, மெத்தை இருக்கைகள் எதிரொலியை விழுங்கிவிடும். மாலையில் எல்லோரும் வேலை முடிந்து வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை அங்கே ஈ காக்கை இருக்காது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

நான் மாணவர்கள் உட்காரும் இடத்தில், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் தன் வழக்கமான இடத்தில், தனக்கென்று இன்னொரு பிரேக் மிதி வைத்த இருக்கையில். வெளியே நல்ல குளிர். சரிவுப் பாதை வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம் இறங்கி வந்து தரையிலேயே படுத்துக் கிடந்தது. எங்கள் மூச்சு பட்டுச் சற்று நேரத்தில் கண்ணாடிகளெல்லாம் மங்கிவிட்டன. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மங்கிய கண்ணாடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. துடைக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த மங்கலில் விரலால் எழுதினார்: "விடு. இதுதான் எனக்கு சிலேட்டு."

போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. கார் சாவியைப் பாதி திருப்பி வயரைச் சொருகினேன். அவர் குரல் மென்பொருளைத் திறந்தார். அழகான நீலத் திரை வந்தது. "வணக்கம். உங்கள் குரலுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது. அடுத்த நொடி அதற்குக் கீழே இன்னொரு வரி முளைத்தது: "பதிவைத் தொடங்க இடம் போதவில்லை."

இவர் அலட்டிக்கொள்ளவில்லை. டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்துகளில் எதையெதையோ தட்ட ஆரம்பித்தார். எப்போதோ இறக்கி நிறுவிய பிறகும் மூலையில் கிடந்த மென்பொருள் பொட்டலங்களைத் துடைத்தார். எந்த நாளில் எது தும்மியது, எது இருமியது என்று போன் தனக்குத் தானே எழுதி வைத்திருந்த பதிவுகளை அழித்தார். எந்த மென்பொருளுக்கும் வேண்டாத, வேறொன்றுக்குத் துணையாக வந்து, அது போன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த உதிரிகளைத் தேடித் தேடி நீக்கினார். நாங்கள் போகவே போகாத ஊர்களின் வரைபடங்கள் போயின. ஒரு சதுரங்க விளையாட்டு போனது. அதில் இவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு எவ்வளவு இடம் காலி என்று பார்ப்பார். கூடியிருக்கும். மறுபடி பார்ப்பார். குறைந்திருக்கும். நாங்கள் இந்தப் பக்கம் அள்ளிக் கொட்ட, யாரோ அந்தப் பக்கம் நின்று நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

"எறும்புகூட நுழையாதுன்னீங்களே. இப்ப என்ன, யானையே குடித்தனம் நடத்துதா?" என்றேன்.

அவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். பிறகு முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியில் மெதுவாக எழுதினார்: "ரெக்கார்டர்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்பு ஒருமுறை, பாடம் எடுக்கும்போது இவர் கத்துகிறார் என்று மாணவி ஒருத்தி ஓட்டுநர் பள்ளி முதலாளியம்மாவிடம் புகார் சொல்லிவிட்டாள். இவருக்கு வந்ததே கோபம். கத்தியதில்லை என்று நிரூபித்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு மென்பொருளை எழுதினார். காரின் சாவி திரும்பினால் போதும், போன் தானாகப் பதிய ஆரம்பித்துவிடும். பாடத்துக்கு ஒரு ஃபைல் என்று வைத்தால், கத்திய பாடத்தை மட்டும் உருவிவிட்டார் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதனால் எல்லாப் பாடங்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே ஃபைலில் போய்ச் சேரும்படி செய்தார். அதோடு விட்டாரா? தானே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி இரண்டு பாஸ்வேர்ட் கேட்கும் பூட்டு ஒன்றைச் செய்து மாட்டினார். ஒன்று இவருடையது. இன்னொன்றை முதலாளியம்மாவே தன் கையால் போட்டார். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும், "இங்க பேசுறது பதிவாகும். முதலாளியம்மா தவிர யாரும் கேக்க மாட்டாங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அந்த அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. நோவு வந்து பாடம் எடுப்பதை நிறுத்தியபின் இவர் அதை மறந்தே போனார். அது இவரை மறக்கவில்லை.

இப்போது நான் சாவியைத் திருப்பியதும் அது விழித்துக்கொண்டு, நான் திட்டுவதையெல்லாம் கடமை தவறாமல் பதிந்துகொண்டிருந்தது. சாவியைப் பழையபடி திருப்பினேன். பதிவது நின்றது. ஆனால் அதுவரை சேர்ந்திருந்த அந்த ஒற்றை ஃபைல் போனின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

அழிக்கப் பார்த்தார். "அனுமதி இல்லை." மென்பொருளையே நீக்கப் பார்த்தார். நீக்கிய மாதிரி போக்குக் காட்டிவிட்டுத் திரும்பவும் வந்து நின்றது. அதற்குக் காவலாக இன்னொன்றை எழுதி வைத்திருக்கிறாராம், அது இதை எழுப்பிவிடுமாம். காவல்காரனைத் துரத்தினால் இது அவனை எழுப்பிவிடும். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் சேர்ந்து நடத்திய குடித்தனம். எல்லாம் இவர் மூளையில் உதித்தது.

"உங்க போன், நீங்க எழுதின பூட்டு. உடைக்க முடியாதா?"

"முடியும்" என்று எழுதினார். அதன் கீழே, "ஆனா வாக்கு கொடுத்திருக்கேன்."

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில தொண்டையில கத்தி வைக்கப் போறாங்க. இப்ப வாக்காம் வாக்கு! அந்தப் பொண்ணு புகார் கொடுத்துட்டு லைசென்ஸ் வாங்கிக்கிட்டு எங்கேயோ போயிட்டா. நீங்க இங்க உக்காந்து அரிச்சந்திரன் வேஷம் கட்டுங்க!"

அவர் எழுதியிருந்த 'வாக்கு' என்ற சொல்லிலிருந்து ஒரு நீர்த்துளி திரண்டு கண்ணாடி வழியாக இறங்கியது. நாங்கள் இருவரும் அது போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் என் போனை எடுத்து முதலாளியம்மாவை அழைத்தேன். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லும்மா, எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க. பக்கத்துலதான் இருக்காரு, பேசக் கூடாது. ஒரு அவசரம். அன்னிக்கு இவரு போன்ல ஒரு பாஸ்வேர்ட் போட்டீங்களே, அந்த ரெக்கார்டருக்கு. அது ஞாபகம் இருக்குங்களா?"

"நான் எங்கம்மா பாஸ்வேர்ட் போட்டேன்?"

"போடலையா?"

"அன்னிக்கு அவரு போனை நீட்டிட்டு, நான் அடிக்கிறதைப் பாக்கக் கூடாதுன்னு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எவ்வளவு காலமாத் தெரிஞ்ச மனுஷன்! ஒண்ணுமே அடிக்காம என்டரை மட்டும் தட்டிட்டு, போட்டாச்சுன்னு சொல்லிக் கொடுத்துட்டேன். அவரு கத்த மாட்டாருன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் இவரால் தாங்க முடியாது என்று தெரியும்.

"இன்னொண்ணும் அவருகிட்ட சொல்லும்மா" என்றார் முதலாளியம்மா. "அவரு சீட்டுக்கு நான் வேற ஆளு போடல. பேசாமலேயும் பிரேக் போடலாம்ல?"

போனை வைத்தேன். இவர் தன் போனைக் கையில் எடுத்தார். பிறகு பூட்டைத் திறந்தார். முதல் பாஸ்வேர்ட் தன்னுடையது. இரண்டாவதற்கு வெறும் என்டர். உடும்புப் பிடியாகப் பிடித்திருந்த அந்தப் பூட்டு, வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அவ்வளவு சாதாரணமாகக் கழன்றுகொண்டது. பாஸ்வேர்ட் காலியாக இருந்தால் ஏற்கக் கூடாது என்று ஒரு வரி எழுத மறந்திருக்கிறார். இவ்வளவு காலமும் பூட்டாத பூட்டுக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

ரெக்கார்டரையும் அதன் காவல்காரனையும் சேர்த்து நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டு, "அடுத்து ஃபைல். அழிக்கணும்" என்று எழுதினார்.

"அழிக்கணுமா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அது முழுக்க உங்க குரல்தானே? உங்க குரலைப் பதியறதுக்கு உங்க குரலையே அழிப்பாங்களா? அதையே அந்த மென்பொருளுக்குக் கொடுங்க, கத்துக்கட்டும்."

அவர் எழுதினார்: "எஞ்சின் சத்தம். ஹார்ன். பயன்படாது."

"அப்ப என் போனுக்கு மாத்துங்க. எனக்கு வேணும்."

முன்கண்ணாடி நிரம்பிவிட்டதால் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போய் எழுதினார்: "படிக்க வந்தவங்க குரலும் இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்."

தொண்டை காய்ந்துவிட்டது என்று அவர் சைகை காட்டினார். வாசிக்கத் தொடங்குமுன் வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும், ஆவி பிடிக்க வேண்டும். நீக்கும் வேலை முடியக் கொஞ்ச நேரம் ஆகும். போனை முன்பலகையில் வைத்துவிட்டு, "தொடாதே" என்று என்னிடம் சைகை காட்டி லிஃப்ட் பக்கம் போனார். தொடாதே என்றால் தொடாமல் இருப்பதற்கு நான் என்ன அந்தப் போனா?

முன்பெட்டியில் இவருடைய வயரில்லாத இயர்போன் கிடந்தது. ஒன்றை எடுத்துக் காதில் வைத்து, முக்காடாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். ஃபைலைத் திறந்து நடுவில் எங்கேயோ தொட்டேன். திரையை அணைத்துப் போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

முதலில் இண்டிகேட்டரின் டிக் டிக். பிறகு அவர்.

கரகரப்பே இல்லாத குரல். கட்டி வருவதற்கு முன்னால் இருந்த குரல். இதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு மனிதரோடு தினமும் இருந்தால் அவர் குரல் எப்போது மாறியது என்றே தெரிவதில்லை. "மெதுவா... அவசரமே இல்ல. பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும், அவனுக்குக் கை வலிச்சா நிறுத்துவான்" என்றது அது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அங்கிருந்துதான் பேசுவது போல இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். அடித்தளம் போய்விட்டது. மங்கிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு வந்தது, அது எந்தத் தெரு என்று தெரியாது. வைப்பர் அசைந்தது, மழை பெய்தது, நின்றது. "இப்ப வலது பக்கம்" என்றார். என் கைகள் தாமாகவே ஸ்டியரிங்கைப் பிடித்து லேசாக வலது பக்கம் திருப்பின. நிற்கிற வண்டி என்ன செய்யும்? ஆனால் திரும்பியது என்றுதான் எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்தோம், குழந்தைகளின் இரைச்சல் காதின் ஓரமாக வந்து பின்னால் போனது. ஒரு பாலத்துக்கு அடியில் எல்லாச் சத்தமும் குகைக்குள் போல மாறி, மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளிச்சம் என்பது காதில் கேட்குமா? அப்போது எனக்குக் கேட்டது.

மாணவர்கள் மாறினார்கள். இரவுப் பணி முடிந்து நேராக வந்த ஒரு நர்ஸ், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டாள். "சிவப்பு விழுந்தா நீங்க தூங்குங்க, பச்சை விழுந்ததும் நான் எழுப்புறேன்" என்றார் இவர். ஒரு பெரியவர் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் மன்னிப்புக் கேட்டார். "கியருக்கு ஒண்ணும் வருத்தமில்ல, விடுங்க ஐயா" என்றார். ஓர் இளைஞன் எதிலோ லேசாக இடித்துவிட்டு விசும்பி அழுதான். இவர் ஒன்றுமே சொல்லாமல் இருந்தார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. வீட்டில் சாம்பாருக்கும் சட்டைப் பொத்தானுக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிற வாய்தானா இது? எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்தக் குரலை ஊரில் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆத்திரமாகவும் வந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு ஒரு பெண் கேட்டாள்: "உங்க வீட்டம்மாவுக்கும் நீங்கதான் கத்துக்கொடுத்தீங்களா சார்?"

"ஒரே ஒருநாள் கத்துக்கொடுத்தேன். வண்டி நகர்றதுக்கு முன்னாடி அவ கதவைத் திறந்துக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டா."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வரட்டும், இன்றைக்கு இவரை ஒரு வழி செய்கிறேன் என்று நினைத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்: "தப்பு அவ மேல இல்லம்மா. நான் பயந்துட்டேன். அவ கையில வண்டியைக் கொடுத்தா அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. பயந்தா எனக்குச் சத்தம்தான் வரும். உங்ககிட்ட எல்லாம் எனக்கு அந்தப் பயம் வராது."

நான் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். காதில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தூங்கினேனா விழித்திருந்தேனா, தெரியவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவர் வந்து உட்கார்ந்தார். சட்டையில் வெந்நீரின் ஆவி வாசனை. காதில் ஒருவர், பக்கத்தில் ஒருவர். நான் தலையை நிமிர்த்தவில்லை. சால்வைக்குள் இருந்த காது அவர் கண்ணில் படவில்லை.

அவர் போனை எடுத்துக் கறுப்புத் திரையில் தட்டினார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஃபைலின் பெயரைத் தட்டினார். ஒரு நொடி விரலை நிறுத்தினார். பிறகு என்டர். பெயர் காணாமல் போனது. இருக்கிறதா என்று இன்னொருமுறை தேடினார். இல்லை. தலை முழுகியாயிற்று.

ஆனால் என் காதில் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடியைப் பாத்துக்கோங்க, அப்படித்தான்" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. அழித்தாயிற்று, நானே பார்த்தேன். பிறகு எங்கிருந்து பேசுகிறார்? கேட்டால் நின்றுவிடுமோ என்று மூச்சுக்கூட விடாமல் இருந்தேன்.

இவர் காலி இடம் எவ்வளவு என்று பார்த்தார். புருவம் சுருங்கியது. திரும்பப் பார்த்தார். ஒரு துளிகூடக் கூடவில்லை. ஃபைல் போய்விட்டது, அது அடைத்திருந்த இடம் மட்டும் வரவில்லை. சரிவுப் பாதையில் ஒரு கார் இறங்கி வந்து, தூரத்தில் நின்றது, யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். ஆட்கள் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். இவர் வேகமாக இன்னொரு கட்டளையைத் தட்டினார். சில வரிகள் வந்தன. அதில் ஒன்றில் அவர் பார்வை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டி, என் சால்வையை மெல்ல விலக்கி, காதைப் பார்த்தார்.

நான் பிடிபட்டுவிட்டேன். "என்ன?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

அவர் எழுத இடம் தேடினார். முன்கண்ணாடி முழுக்கப் பழைய பேச்சு. பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினார்: "அழிச்சாலும் போகாது. யாராவது திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் இருக்கும். நீ கேட்டுக்கிட்டு இருக்கே."

அதாவது, நான் காதிலிருந்து எடுக்கும்வரை அந்தக் குரல் இருக்கும். இருக்கும்வரை இடம் கிடைக்காது. இடம் கிடைக்காதவரை இவர் வாசிக்க முடியாது. நான் நிறுத்திய நொடியில் அது போய்விடும், பிறகு தேடினாலும் கிடைக்காது. என் காதில் அதை ஓட்டிக்கொண்டிருந்த மென்பொருளை அவரே ஒரு கட்டளையில் நிறுத்திவிடலாம் என்று எனக்கும் தெரியும், இவ்வளவு நேரம் அதைத்தானே செய்துகொண்டிருந்தார். கை போனின் மேல்தான் இருந்தது. தட்டவில்லை. காத்திருந்தார்.

"என்னால முடியலைங்க" என்றேன். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "இது நல்லா இருந்த குரல். இப்ப நீங்க வாசிக்கப்போறது நோவு வந்த குரல். எனக்கு இதுதான் வேணும்."

தூரத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பயிற்சி தரும் அம்மா அவ்வளவு கண்டித்துச் சொல்லியும், வாயைத் திறந்தார்.

"கேளு" என்றார். "எவ்வளவு நேரம் வேணுமோ கேளு. அவசரமில்ல."

கிழிந்த துணி போன்ற குரல். வார்த்தைகளுக்கு நடுவே காற்று மட்டும் வந்தது. வாக்கியங்களுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததிலிருந்து எனக்காக எடுத்துச் செலவழித்துவிட்டார். காதில் இருந்த குரல் அதே நேரத்தில் யாரிடமோ, "அடுத்த திருப்பத்துல பாருங்க, அங்க ஒரு..." என்று ஆரம்பித்தது.

நான் இயர்போனைக் கழற்றினேன். அவர் கையிலிருந்த போனை வாங்கி, திரையை விழிக்கவைத்து, நானே நிறுத்தினேன்.

காலி இடம் மளமளவென்று கூடியது. அவர் எனக்குத் திரையைக் காட்டினார். நீலத் திரை திரும்ப வந்தது, "உங்கள் குரலுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது, இந்த முறை அதற்குக் கீழே எந்த வரியும் முளைக்கவில்லை. முதல் வாக்கியம் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, சத்தம் வரக்கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "கடைத்தெருவில் இன்று கூட்டம் குறைவாக இருக்கிறது" என்று வாசித்தார். ஏற்றுக்கொண்டது. அடுத்த வாக்கியம் வந்தது.

அந்தத் திருப்பத்தில் என்ன இருந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் ஒரு வாக்கியம் குறைந்துவிடும்.